மிளகு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு

மளிகைக் கடையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் விலை கேட்டு, கூடக் குறையப் பேசி வாங்குகிற நம் தாய்மார்கள், உப்பை மட்டும் விலை கேளாமலே பையில் போட்டுக் கொள்கிறார்கள். மிளகு வாங்கும்போதோ, ஐம்பது கிராமா நூறு கிராமா என்று ஒரு நொடி தயங்காதவர் அரியர். ஒன்று, வீட்டுக்கு வரும் பொருள்களுள் மிக மலிவானது. மற்றொன்று, அஞ்சறைப் பெட்டியில் இடம்பெறுபவற்றுள் விலை மிக்கது. இவ்விரண்டையும் கலந்து ஒரே பொட்டலத்தில் அடைத்து விற்கும்போது, எதை மிகுதியாகச் சேர்த்தால் ஆதாயம் என்பதை வணிகருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐயம் உள்ளவர்கள், கடையில் விற்கும் மிளகுச் சுவையூட்டிய உப்புப் பொட்டலம் ஒன்றைத் திருப்பிப் பார்க்கலாம். அதில் அடங்கிய பொருள்களின் பட்டியல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலுமாக அப்பட்டியல் அமைய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதற்சொல் ‘உப்பு’ என்றிருந்தால், நாம் வாங்கியிருப்பது மிளகு மணம் ஏற்றிய உப்பே அன்றி வேறன்று. மிளகின் பெயரால் உப்பு நம் உணவுக்குள் நுழைந்துவிடுகிறது. இதைத் திருப்பி வைக்கும் வழி ஒன்றே உண்டு: மிளகு உப்பை நாமே வீட்டில் செய்து கொள்வது, செய்யும்போது மிளகை மிகுதியாகவும் உப்பைக் குறைவாகவும் இடுவது.

உப்பும் உணவுதானே, கூடினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மறுநாள் பல இல்லங்களில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களுக்கு விடை கிடைக்கும். ‘ஏம்மா, சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாயா?’ என்கிறார் பெரியவர். ‘மறக்கவில்லை மாமா, டாக்டர் சொன்ன அளவுதான் போட்டேன்’ என்கிறாள் மருமகள். அவர் இரண்டு கவளம் உண்டு தட்டை ஒதுக்கிவிடுகிறார். அல்லது, மருமகள் அடுக்களைக்குள் சென்ற நேரம் பார்த்து ஊறுகாய்ச் சாடியைத் தம் பக்கம் இழுத்துக் கொள்கிறார். முதலாவது அவர் உடலை வாட்டும். இரண்டாவது மருத்துவத்தை வீணாக்கும். எழுபது ஆண்டு உப்பிட்டு உண்டு பழகிய நாக்கை ஒரே நாளில் மாற்றிக் கொள்ளச் சொல்வது எளிதன்று. அந்தப் பெரியவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மருமகள்மேல் குற்றம் சொல்லவும் இடமில்லை.

வயது வந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து கிராம் என்பது தலை தட்டிய ஒரு தேக்கரண்டியைவிட மிகுதி அன்று. காலை இட்லிக்குத் தொட்டுக் கொள்ளும் சட்னி முதல் இரவு மோர்ச்சோறு வரையில் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவையும் இதற்குள்ளேயே வர வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இந்த எல்லையைத் தாண்டியே வாழ்கிறோம்.

மிளகு உப்பு உதவும் இடம் இதுதான். உப்பு ஒன்றினால் மட்டும் நாக்கு நிறைவு அடைவதில்லை. காரமும் மணமும் புளிப்பும் அந்நிறைவில் பங்கு கொள்கின்றன; அவை சற்றுக் கூடினால், உப்புக் குறைந்ததை நாக்கு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மேலும், குழம்பில் இட்ட உப்பு கரைந்து கலம் முழுதும் பரவிவிடுகிறது. உண்ணும் வேளையில் மேலே தூவிய உப்போ, உணவில் கரையுமுன் நேரே நாக்கில் படுகிறது. ஆகையால் சிறிதளவே பெரிதளவுபோல் சுவைக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுப்பில் இடும் உப்பை முதலில் குறைத்துக் கொள்ள வேண்டும். சமையலில் வழக்கம்போல் உப்பிட்டுவிட்டு, இலையிலும் மிளகு உப்பைத் தூவிக் கொண்டால், அது மருந்தோடு நோயையும் சேர்த்து விழுங்குவதற்கு ஒப்பாகும்.

பழைய காரம்

மிளகாய் நம் நாட்டுப் பண்டம் அன்று என்பதை இளையோர் பலர் அறியார். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வாயிலாக இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்த புதியதற்கு நம் முன்னோர் இட்ட பெயரிலேயே பழையதன் பெயர் அடங்கியிருக்கிறது: மிளகைப்போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகத் தமிழர் சமையலில் காரம் என்றால் மிளகும் அதன் உறவான திப்பிலியும், சுக்குமே. பழைய தமிழில் ‘கறி’ என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் காணலாம். அது முசிறித் துறைமுகத்தைப் பற்றியது.

பாட்டில் சொன்னது கற்பனை அன்று என்பதற்கு மண்ணும் சான்று தந்துள்ளது. எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் பெரனிகே என்னும் பழைய துறைமுகத்தை ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது, கோயில் ஒன்றின் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்று புதைந்திருக்கக் கண்டனர். அதனுள் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக் காலமாக அப்படியே கிடந்தது! அதற்கும் முற்பட்ட செய்தி ஒன்று உண்டு. கி.மு. 1213இல் இறந்த எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேசின் உடலைப் பதப்படுத்தியவர்கள் அவன் மூக்கில் மிளகு மணிகளை வைத்திருந்தனர். கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்ற படைத்தலைவன், முற்றுகையை நீக்குவதற்குக் கேட்ட திறையில் பொன்னோடும் வெள்ளியோடும் 3000 பவுண்டு மிளகும் சேர்ந்திருந்தது. ரோமப் பேரறிஞர் பிளினிக்கோ இந்த மோகம் விளங்கவே இல்லை. கண்ணுக்கு அழகோ நாவுக்கு இனிமையோ இல்லாத இந்தப் பொருளை, வெறும் காரத்துக்காக இவ்வளவு தொலைவிலிருந்து வரவழைக்கிறார்களே என்று வியந்து எழுதியிருக்கிறார். அவருக்கு நம் வீட்டு ரசம் ஒரு கிண்ணம் கிடைத்திருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பாரோ என்னவோ! பிற்காலத்தில் இங்கு வந்த ஆங்கிலேயர் அந்த ரசத்தில் மயங்கி, ‘மிளகுத் தண்ணீர்’ என்ற பெயரையே சற்றுச் சிதைத்துத் தங்கள் சூப் ஒன்றுக்குச் சூட்டிக் கொண்டனர்.

உப்பின் கதை வேறு வகையானது. மிளகு மலையிலிருந்து இறங்கிக் கடல் கடந்தது. உப்பு கடற்கரையிலிருந்து புறப்பட்டு உள்நாடு சென்றது. உமணர் என்னும் உப்பு வணிகர், மாட்டு வண்டிகளில் உப்பு ஏற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. ஏழைக்கும் இன்றியமையாத பொருள் என்பதாலேயே அரசுகள் அதன்மேல் வரி விதித்தன. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்ட இராஜாஜி, அம்மாதம் 30ஆம் நாள் வேதாரணியத்தில் உப்பு அள்ளிக் கைதானதை நாம் அறிவோம். இன்று தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி வட்டாரத்து உப்பளங்களில் விளைகிறது. உப்பு விளைச்சலில் நம் மாநிலம் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் கொடியேறும் மிளகும் தூத்துக்குடிப் பாத்தியில் பூக்கும் உப்பும் நம் வீட்டு உரலில் ஒன்று சேர்வதற்கு, முற்காலத்தைப்போல் வண்டி கட்டிக் கொண்டு புறப்பட வேண்டியதில்லை.

மிளகைத் தேர்தல்

கருமிளகும் வெண்மிளகும் ஒரே கொடியில் விளைபவை. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கும்போது, மற்றவை பச்சையாக இருக்கையிலேயே பறித்து வெயிலில் உலர்த்தினால், மேல்தோல் கறுத்துச் சுருங்கிக் கருமிளகாகிறது. நன்கு பழுத்தவற்றைத் தண்ணீரில் ஊற வைத்துத் தோலை நீக்கிவிட்டால் வெண்மிளகு. மிளகின் மணம் பெரும்பாலும் அத்தோலில் இருக்கிறபடியால், மிளகு உப்புக்குக் கருமிளகே ஏற்றது.

மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளுக்குப் பைப்பரின் என்று பெயர். அதை முதன்முதல் 1819இல் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை மறு ஆண்டே கண்டறிந்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. காரம் வேறு, மணம் வேறு என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பைப்பரின் எளிதில் ஆவியாகாது. தண்ணீரில் அரிதாகவே கரையும், நெய்யிலும் எண்ணெயிலும் நன்கு கரையும். மணத்தைத் தருவதோ, காற்றுப் பட்டால் பறந்துவிடும் மெல்லிய எண்ணெய். முழு மிளகாக இருக்கும்வரை அது தோலுக்குள் காவலில் இருக்கிறது. பொடித்த அன்றே விடைபெறத் தொடங்குகிறது. வெளிச்சம் பட்டால் காரமும் சிறிது சிறிதாகக் குன்றும். கடையில் கண்ணாடி அலமாரியில் மாதக் கணக்கில் வெளிச்சம் பார்த்து நின்ற மிளகுத்தூள் ஏன் மரத்தூள்போல் இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

ஆகவே முழு மிளகாகவே வாங்குக. கையில் அள்ளினால் கனக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் நொறுங்கக் கூடாது. ஒரு மணியை நசுக்கி முகர்ந்தால், எலுமிச்சைத் தோலையும் புதிய மரச் சீவலையும் நினைவூட்டும் மணம் எழ வேண்டும். பளபளவென்று எண்ணெய் மினுக்கும் மிளகைக் கண்டு மயங்க வேண்டாம். பூஞ்சணத்தை மறைக்க மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயைத் தடவி விற்பதும் உண்டு, முகர்ந்தால் தெரிந்துவிடும்.

பப்பாளி விதையைக் கலப்பது பழைய மோசடி. ஒரு பிடி மிளகை ஒரு தம்ளர் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். முற்றிய மிளகு அடியில் தங்கும். உலர்ந்த பப்பாளி விதை மிதக்கும். மிதப்பவை யாவும் பப்பாளி விதை என்று உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட வேண்டாம். உள்ளீடற்ற சொத்தை மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்து நசுக்கிச் சுவைத்தால், பப்பாளி விதையில் கடுகை ஒத்த ஒரு நெடி இருக்குமே தவிர மிளகின் காரம் இராது. எப்படியாயினும் மிதப்பவை நம் ஜாடிக்கு உரியவை அல்ல.

எந்த உப்பு?

நம் பாட்டிமார் கல்லுப்பை வாணலியில் இட்டு, அது படபடவென்று வெடிக்கும்வரை வறுத்த பிறகே பொடிக்குச் சேர்த்தனர். அதில் காரணம் இருந்தது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு என்னும் பொருளும் சிறிது கலந்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கொண்டு உப்பை நீர் கோக்கச் செய்வது பெரும்பாலும் அதுவே. ஈரத்தை விரட்டவே அந்த வறுவல்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. நேரே உணவுக்கு விற்கப்படும் உப்பு அயோடின் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்ற விதி 2006 மே 17 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருந்து வருகிறது. நம் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும். கழுத்துக் கழலையைத் தடுப்பதற்கும், கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் இது இன்றியமையாதது. ஈரமும் நெடுநேரச் சூடும் சேர்ந்தால் அயோடின் குறைந்துவிடும். ஆகையால் அயோடின் கலந்த கல்லுப்பை வாங்கி, இளஞ்சூட்டில் ஈரம் உலரும் அளவுக்கு மட்டும் சுட வைத்தால் போதும். வெடிக்க விட வேண்டியதில்லை. தங்கு தடையின்றிக் கொட்டும் பொடியுப்பை அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

இந்துப்பு நல்லது, அதில் இரத்த அழுத்தம் ஏறாது என்று சொல்வார் உளர். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் வேறே தவிர, அழுத்தத்தை ஏற்றுவதில் அது சளைத்தது அன்று. சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த உப்பும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அது சிலருக்கு நன்மை தரும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்குச் சிலவகை மாத்திரைகள் உண்பவர்களும் டாக்டரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. பொட்டாசியம் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

செய்முறை

மிளகு 100 கிராம், உப்பு 50 கிராம், சீரகம் 15 கிராம், விரல் நுனி அளவு சுக்கு. விரும்பினால், நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை ஒரு பிடியும் சேர்க்கலாம்.

மிளகை முறத்தில் இட்டுப் புடைத்து, தூசியும் காம்பும் சொத்தையும் நீக்கிக் கொள்க. கழுவுவதைவிட, உலர்ந்த துணியில் இட்டுத் தேய்த்து எடுப்பது நல்லது. தண்ணீர் பட்ட மிளகை உள்வரை உலர்த்துவது கடினம். பிறகு இரண்டு மணி நேரம் வெயில் காட்டுக. அடி கனத்த இரும்பு வாணலியை மெல்லிய தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் மிளகை இட்டு, கை ஓயாமல் புரட்ட வேண்டும். மணிகள் கைக்குச் சூடாகி, மணம் எழத் தொடங்கிய உடனே இறக்கிவிடுக. இரண்டு மூன்று நிமிடமே பிடிக்கும். மிளகு வெடித்துப் புகையும் வரை வறுப்பவர்கள் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் ‘இன்று என்ன விசேஷம்?’ என்று கேட்கும் அளவுக்குத் தெரு மணந்தால், ஜாடிக்குச் சேர வேண்டிய மணம் தெருவுக்குப் போய்விட்டது என்றே பொருள். சீரகத்தைத் தனியே, அதனினும் குறைந்த சூட்டில் புரட்டி எடுக்கவும். சுக்கைத் தட்டி வைத்துக் கொள்க. கல்லுப்பை முன் சொன்னபடி இளஞ்சூட்டில் உலர்த்துக.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எல்லாம் ஆறும் வரை காத்திருத்தலே வேலை. அவசரப்பட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே பொடித்து மூடி வைத்தால், உள்ளே வியர்வை பூத்து மறுநாளே கட்டி தட்டும்.

பொடிப்பதற்கு உரலும் உலக்கையும் சிறந்தவை, அம்மியும் ஆகும். மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு ஓட்டுக. தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் குன்றும். மூடியைத் திறக்குமுன் ஒரு நிமிடம் பொறுத்தால் தும்மல் மிச்சம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுத் திறப்பது இன்னும் நல்லது. மிளகைச் சீரகத்தோடும் சுக்கோடும் கலந்து ரவை பதத்துக்குப் பொடித்துக் கொள்க. உப்பைத் தனியே, அதே ரவை பதத்துக்குப் பொடிக்க வேண்டும்.

இந்த ‘அதே பதம்’ என்பதைச் சற்று வற்புறுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பயறும் கடுகும் கலந்த ஒரு டப்பாவைக் குலுக்கினால், கடுகு அடியில் சென்று சேர்வதையும் பயறு மேலே ஏறி நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். மிளகு பருபருவென்றும் உப்பு மாவாகவும் இருந்தால் நம் ஜாடியிலும் அதுவே நேரும். முதல் வாரம் எடுப்பது மிளகு. கடைசி வாரம் எடுப்பது உப்பு. நோயாளியின் தட்டில் கடைசி வாரத்து உப்பு விழுந்தால், அளந்து கலந்த அளவுக்கெல்லாம் பொருளில்லாமல் போய்விடும். ஒரே சல்லடையில் இரண்டையும் சலித்து, பிறகு அகன்ற தாம்பாளத்தில் கொட்டி விரல்களால் கலந்தால் இந்தத் தொல்லை இராது. பொடியுப்பைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மிளகையும் அதற்கேற்ப நைசாகப் பொடித்துக் கொள்ளுங்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மிளகு இரண்டு பங்கும் உப்பு ஒரு பங்குமாகக் கலந்த பொடியில், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ மூன்று கிராம் இருக்கும். அதில் உப்பு ஒரு கிராம். பங்கைத் தலைகீழாக்கி, உப்பு இரண்டும் மிளகு ஒன்றுமாகக் கலந்தால், அதே தேக்கரண்டியில் உப்பு இரண்டரை கிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு உரிய ஐந்து கிராமில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்! கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். தூவுகிற கைக்கு வேறுபாடு தெரியாது. இரத்தக் குழாய்களுக்குத் தெரியும். உப்பைக் குறைக்க வேண்டியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி என்று வைத்துக் கொண்டால், இந்த வழியில் அவர் உண்ணும் உப்பு அரைக் கிராமே. டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லியிருந்தால், மிளகை நான்கு பங்காக உயர்த்தி, காரம் மிகாதபடி சீரகத்தைக் கூட்டிக் கொள்ளலாம்.

மிளகாய் உப்பு விரும்புவோர், மிளகின் அளவில் பாதியைக் குறைத்து, காம்பு நீக்கி வெயிலில் உலர்த்திய வற்றல் மிளகாய் எட்டுப் பத்தைச் சேர்த்துப் பொடிக்கலாம். தள்ளுவண்டிக்காரர் மாங்காய்க் கீற்றில் தூவித் தருவதைவிட இது நிறம் மங்கியதாகத் தோன்றும், சுவையில் மங்கியதன்று.

எதனுடன் உண்பது?

அவித்த முட்டைக்கு மிளகும் உப்பும் என்பது தெருமுனைத் தேநீர்க் கடையும் அறிந்த பொருத்தம். வெள்ளரிக்காய், கொய்யா, அன்னாசி, கிர்ணிப்பழம் ஆகியவற்றின்மேல் தூவினால் இனிப்பே சற்றுக் கூடித் தோன்றும். பிள்ளைகளைப் பழம் உண்ண வைக்க இது நல்ல உபாயம். தை மாதத்தில் தென் மாவட்டங்களில் பனங்கிழங்கை அவித்து, நார் நீக்கி, மிளகும் உப்பும் சேர்த்து இடித்து உண்பார்கள். அதன் சுவையை அறியாதவர்களுக்கு எழுத்தால் உணர்த்துவது இயலாது. மரவள்ளிக் கிழங்குக்கும் இது பொருந்தும். பொரித்த மீனைவிட, வாழையிலையில் மடித்துச் சுட்ட மீனுக்கு மிக நன்று. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குச் சூடான சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யும் அரைத் தேக்கரண்டி மிளகு உப்பும் பிசைந்து கொடுத்தால், மரத்துப் போன நாக்கு விழித்துக் கொள்ளும். மிளகின் காரம் நெய்யில் கரையும் என்று முன்னர்ச் சொன்னது இங்கே கைகொடுக்கிறது.

முதலில் சொன்ன பெரியவரின் சாப்பாட்டுக்கு வருவோம். சாம்பாரிலும் பொரியலிலும் வீட்டார் யாவருக்குமே பாதி உப்பிட்டுச் சமைக்கட்டும். மற்றவர்கள் வேண்டுமானால் சேர்த்துக் கொள்ளலாம். பெரியவரின் தட்டருகே, அன்றைக்கு உரிய அரைத் தேக்கரண்டி மிளகு உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் தனியே வைத்துவிடுங்கள். ஜாடியையே வைத்தல் கூடாது. தமக்கென்று ஒரு கிண்ணம் இருப்பதிலும், அதைத் தம் கையாலேயே தூவிக் கொள்வதிலும் அவருக்கு ஒரு நிறைவு உண்டு. ‘உமக்கு இது கூடாது’ என்ற சொல்லை வேளைக்கு வேளை கேட்டுக் கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். எலுமிச்சைச் சாறு ஐந்தாறு துளி சேர்த்துக் கொண்டால் உப்பின் தேவை இன்னும் குறையும். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு மெல்ல வழிக்கு வரக் காணலாம்.

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது நம் பழமொழி. மிளகின் பெருமைக்குச் சொன்ன சொல் அது; நஞ்சை முறிக்கும் மருந்தாக மிளகை நம்பி, விஷப் பூச்சி கடித்தவருக்கு மிளகை மெல்லக் கொடுத்துக் காலம் தாழ்த்துவது பெருந்தவறு. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு மிளகு எரிச்சல் தரும். அவர்கள் சீரகத்தை மிகுதியாக்கி மிளகைக் குறைப்பது நலம். ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டியதில்லை என்று குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆகவே மிளகு உப்பும் அதற்கு வேண்டாம்.

பாதுகாத்து வைத்தல்

செய்த பொடியைப் பீங்கான் ஜாடியிலோ நிறம் உள்ள கண்ணாடிப் புட்டியிலோ இட்டு இறுக மூடி, அலமாரியின் உட்பக்கத்தில் வைக்க வேண்டும். தகர டப்பாவும் அலுமினியப் பாத்திரமும் ஆகா. உப்பு அவற்றை அரித்துவிடும். அடுப்பு மேடைக்கு அருகில் வைத்தால் சூடும் நீராவியும் சேர்ந்து பொடியைக் கெடுக்கும். ஈரக் கையோ ஈரக் கரண்டியோ உள்ளே போகாதிருக்க, மரக்கரண்டி ஒன்றை ஜாடிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வாரம் ஒரு முறை ஜாடியைக் கவிழ்த்து நிமிர்த்தி, கரண்டியால் அடிவரை கிளறிவிட்டால் மிளகும் உப்பும் சமமாக நிற்கும்.

மேலே சொன்ன அளவு, நால்வர் ஆளுக்கு அரைத் தேக்கரண்டி வீதம் உண்டால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அதுவே பொருத்தமான அளவு. மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகச் செய்து வைத்தால் காரம் இருக்கும், மணம் இராது. காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் தூய உப்பே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடற்கரை ஊர்களில் அது வழக்கமான அளவே. அந்த இரு மாதங்களில் பாதி அளவு மட்டும் செய்து, வறுத்து ஆறிய பச்சரிசி ஒரு தேக்கரண்டியை மெல்லிய துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டு வைத்தால், அரிசி ஈரத்தை ஓரளவு தாங்கிக் கொள்ளும். வாரம் ஒரு முறை அந்த முடிச்சை வெயிலிலோ வாணலியிலோ உலர்த்தி, ஆற விட்டு மீண்டும் போட்டு வையுங்கள்.